உலோகமும் உடலும்: பிளக் சபத் குழுவின் இசைத்தட்டுகள் பற்றிய சில குறிப்புகள்

பிளக் சபத் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவின் ஒலியினை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தையே கையாள்வர். பேர்மிங்ஹாம் உலோகத் தொழில் நகரம். எனவே அங்கு பிறந்த இசையும் உலோகமாக ஒலித்தது என்பர். மேலோட்டமாக நோக்குமிடத்து இது பொருள்முதல்வாத விளக்கம் போலத் தோன்றும். உண்மையில் இது உவமையேயன்றி விளக்கமன்று. சம்மட்டியோசைக்கும் இசைக்கும் இடையில் மனிதர் இருக்கின்றனர். அவர்தம் உடலும் கூலியுழைப்பும் இருக்கின்றன. அவற்றை ஆராயாதவிடத்துப் 'பிரதிபலிப்பு' என்ற சொல் எதனையும் தெளிவுபடுத்தாது.

குழுவின் உறுப்பினர் நால்வரும் அந்நகரின் அஸ்ரன் பகுதியைச் சேர்ந்த தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள். 1968இல் ஒன்றிணைந்தனர். பாடகர் ஓஸி ஒஸ்போர்ன் இறைச்சிக்கூடத்திலும் மோட்டார் வாகன ஒலிப்பான் தொழிற்சாலையிலும் வேலைசெய்தவர். பாடல்களிற் பெரும்பாலானவற்றை எழுதிய கீஸர் பட்லர் கணக்கு எழுதும் தொழில் பயின்றவர். கிற்றார் கலைஞர் ரொனி அயோமி தகட்டு வேலைத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்தவர்.

1965இல், பதினேழு வயதில், அயோமி முழுநேர இசைக்கலைஞராகும் எண்ணத்துடன் வேலையை விட்டு விலகவிருந்தார். கடைசி நாள் மதிய உணவுக்கு வீடு சென்றவர் திரும்பிப் போக விரும்பவில்லை. தொடங்கிய நாளை முறையாக முடித்து வருமாறு தாயார் வற்புறுத்தினார். வழமையாக இயந்திரத்தை இயக்கும் பெண் அன்று வரவில்லை. பழக்கமற்ற அழுத்துபொறியில் அவர் நிறுத்தப்பட்டார். வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகள் துண்டிக்கப்பட்டன. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். 1928இல் தீ விபத்தில் இரு விரல்களின் பயனை இழந்தபின்னரும் வாசித்த கிற்றார் மேதை அவர்.

இதன்பின் நிகழ்ந்தவை கலை வரலாற்றாசிரியரின் கவனத்துக்குரியவை. பிளாத்திக்குப் போத்தலை உருக்கி விரலுறை செய்தார் அயோமி. அதன்மேல் தோற்றுண்டு ஒட்டினார். தடித்த தந்திகளை அழுத்த இயலாமையால் மெல்லிய பாஞ்சோத் தந்திகளைப் பூட்டினார். இரண்டு மூன்று சுரங்களே கொண்ட எளிய இணைப்புகளில் தங்கினார். 1971இல் வெளிவந்த 'மாஸ்டர் ஒவ் றியாலிற்றி' தட்டின் சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்தினார். இழுவிசை குறைய வலியும் குறைந்தது, ஒலியோ கனத்தது. உலகெங்கும் பின்வந்த எத்தனையோ குழுக்கள் பாணியாகக் கொண்டது, தொடக்கத்தில் ஊனமுற்ற கையின் வேலைமுறையே. அயோமியின் தனித்திறனை இதனால் நான் மறுக்கவில்லை. திறன் எத்தகைய நிபந்தனைகளிற் செயற்பட்டது என்பதே வினா.

1969 ஒக்ரோபரில் ஒரே நாளிற் பதிவுசெய்யப்பட்ட முதல் தட்டு 1970 பெப்ரவரியில் வெளியாயிற்று. அதன் தலைப்புப் பாடலில் அச்சமூட்டும் சுர இடைவெளியைக் கர்நாடக இசையறிந்தோர் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்குமுள்ள தொலைவென இனங்காண்பர்.

அதே ஆண்டு செப்ரெம்பரில் வந்த இரண்டாவது தட்டு 'வார் பிக்ஸ்', அதாவது போர்ப் பன்றிகள், என்ற பெயரையே தாங்கியிருக்க வேண்டியது. வியற்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இசைத்தட்டு நிறுவனம் அப்பெயரை விரும்பவில்லை. தட்டை நிரப்புவதற்காக அவசரமாக ஆக்கப்பட்டு, தனிப்பாடலாக விற்பனையில் நான்காமிடம் வரை சென்ற 'பரனொய்ட்' தலைப்பாயிற்று. வாளும் கேடயமும் ஏந்திய மனிதன் மட்டும் பழைய பெயரின் எச்சமாக அட்டையில் நின்றுவிட்டான். பண்டத்தின் தர்க்கம் இவ்வளவு வெளிப்படையாகத் தன் தடயத்தை விட்டுச்செல்வது அரிது.

போரைத் தொடங்குவோர் ஒதுங்கிநிற்க ஏழைகளே களத்துக்கு அனுப்பப்படுகின்றனர் என்பதை அப்பாடல் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. 'ஹான்ட் ஒவ் டூம்' போரிலிருந்து போதைக்கு அடிமையாகித் திரும்பும் படைவீரர் பற்றியது. இங்கு வர்க்கப் பார்வை உண்டு. ஆனால் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு இறைவனிடமே விடப்படுகின்றது. கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்த பட்லருக்குக் கைவசமிருந்த மொழி இறுதித் தீர்ப்பு நாளின் மொழியே. இதனைப் போலிப் பிரக்ஞை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஜனரஞ்சக இசையனைத்தையும் ஒரே வார்ப்பிற் கண்ட அடோர்னோ அவ்வாறே செய்திருப்பார். எனினும், கோபம் தனக்குக் கிடைத்த சொற்களிலேயே பேசும்.

1972இல் லொஸ் ஏஞ்சலிசிற் பதிவான நான்காவது தட்டில் கொக்கெயின் பாடுபொருளாயிற்று. 1975இல் வந்த 'சபொற்றாஜ்' தட்டின் இறுதிப் பாடலான 'த றிற்' முன்னாள் முகாமையாளருடனான வழக்கின் வெளிப்பாடு. சுரண்டல் மறைந்துவிடவில்லை; அது வர்க்கத்தின் அனுபவமாக அன்றித் தனிப்பட்ட துரோகமாகவே இப்போது பாடப்பட்டது. 1979இல் ஒஸ்போர்ன் நீக்கப்பட்டார்.

2025 ஜூலை 5ஆந் திகதி நால்வரும் அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் இறுதியாக ஒன்றுகூடினர். பதினேழு நாட்களின்பின் ஒஸ்போர்ன் காலமானார். அப்பகுதியின் பெயர்பெற்ற 'எச்.பி.' சோஸ் தொழிற்சாலை 2007இலேயே மூடப்பட்டு, உற்பத்தி நெதர்லாந்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அன்று அவர்கள் முதலில் இசைத்தது 'வார் பிக்ஸ்'.