அமேரிகோ காஸ்த்ரோ: நாடு கடந்தும் மாறாத கேள்வி

அமேரிகோ காஸ்த்ரோவின் (1885–1972) ஆய்வு வாழ்க்கையை 1936-இல் இரண்டாக வெட்டிப் பார்ப்பது ஸ்பானிய ஆய்வுலகில் பழகிப்போன வழக்கம். அவ்வாண்டு வெடித்த ஸ்பானிய உள்நாட்டுப் போருக்கு முந்தையவர், மறுமலர்ச்சி ஐரோப்பாவில் ஸ்பெயினுக்கும் இடமுண்டு என்று நிறுவ முயன்ற மொழிநூல் அறிஞர். பிந்தையவர், இழந்த நாட்டின் துயரத்துக்குக் காரணம் தேடி, முஸ்லிம்களையும் யூதர்களையும் அதன் வரலாற்றின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய அகதி. வசதியான பிரிப்பு இது. அவருடைய நூல்களை வரிசையாகப் படிப்பவரிடம் செல்லாது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரேசிலின் காந்தகாலோவில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கிரானடாவில் வளர்ந்து பட்டம் பெற்று, பாரிஸில் மேற்படிப்புப் படித்தார். 1910-இல் மாத்ரிதில் தொடங்கப்பட்ட வரலாற்றாய்வு மையத்தில் மொழிநூல் அறிஞர் மெனேந்தெஸ் பிதாலுடன் பணியாற்றினார். 1915-இல் மாத்ரித் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி வரலாற்றுப் பேராசிரியரானார். 1931-இல் புதிய குடியரசு அவரைத் தூதராக பெர்லினுக்கு அனுப்பியது. போர் வெடித்தபின் அமெரிக்கா: விஸ்கான்சின், டெக்சஸ், 1940 முதல் 1953 வரை பிரின்ஸ்டன்.

1925-இல் வெளிவந்த ‘செர்வாந்தேஸின் சிந்தனை’ நூலின் அடியில் ஓடும் கேள்வி இது: ஓர் எழுத்தாளன் எதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஏன்? செர்வாந்தேஸைக் கள்ளமற்ற கதைசொல்லியாகக் கொண்டாடிய காலத்தில், அவர் திறமையாக வேடம் தரித்தவர் என்று காஸ்த்ரோ எழுதியது பலருக்குக் கசந்தது. அந்த எச்சரிக்கைக்கு அன்று அவர் கண்ட காரணம், எதிர்ச் சீர்திருத்தக் காலத்துத் திருச்சபையின் கெடுபிடி. 1966-இல் அதே செர்வாந்தேஸிடம் திரும்பியபோது காரணம் மாறியிருந்தது. செர்வாந்தேஸ் மதம் மாறிய யூதர் வழிவந்தவர் என்றும், ‘தூய இரத்தம்’ கோரிய சமூகத்தில் ஓரத்தில் வைக்கப்பட்டவர் என்றும் வாதிட்டார். விடைதான் புதியது.

அந்த விடையும் பிரின்ஸ்டனில் திடீரென்று முளைத்ததல்ல. 1920-களின் தொடக்கத்திலேயே மொராக்கோ சென்று, அங்கு வாழ்ந்த செபார்திய யூதர்களின் ஸ்பானியப் பேச்சையும் கதைப்பாடல்களையும் சேகரித்தவர் அவர். 1492-இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்களிடம் அம்மொழி உயிரோடிருப்பதை நேரில் கேட்டவருக்கு, ஸ்பெயின் என்பது கிறிஸ்தவர்களின் சொத்து மட்டுமல்ல என்பது அப்போதே தெரிந்திருக்கும். 1940–42-இல் மறுமலர்ச்சிக் கால அறிஞர் எராஸ்மஸின் சிந்தனையும் ஸ்பெயினும் குறித்து எழுதிய கட்டுரைகளில் திருப்பம் கண்கூடு. எராஸ்மஸ் அங்கே அவ்வளவு ஆழமாக வேரூன்றியது ஏன் என்று தொடங்கி, அந்த மண்ணில் முன்பே இருந்த ஆன்மிகத் தவிப்புகளை நோக்கி அவை நகர்கின்றன. நாடு துறந்த துயரம் அவருக்கு வேகம் கொடுத்ததை நான் மறுக்கவில்லை; ஆனால் திசை பழையது.

1948-இல் புவெனோஸ் அய்ரெஸில் வெளிவந்த ‘தன் வரலாற்றில் ஸ்பெயின்’ நூலின் மையக் கருத்து தெளிவானது. ரோமானியரும் விசிகோத்தியரும் ஸ்பானியர் அல்லர். முஸ்லிம் படைகள் வந்த 711-க்குப் பிறகு கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என்ற மூன்று சமூகங்கள் கூடி வாழ்ந்ததிலும் மோதியதிலும்தான் ஸ்பானியர் என்றொரு மக்கள் உருவாயினர். இதை நிறுவ அவர் கையிலெடுத்தவை பெரும்பாலும் இலக்கியமும் சொல்வழக்கும்தான். இடைக்கால ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ருயிஸின் காதல் நூலை, அரபு எழுத்தாளர் இப்னு ஹஸ்மின் ‘புறாவின் கழுத்தணி’யோடு வைத்துப் படித்தார். புனித யாக்கோபு (சந்தியாகோ) வழிபாட்டை முகம்மது நபிக்கு எதிரீடாகக் கண்டார். இடைக்கால வரலாற்றாசிரியர் கிளௌதியோ சாஞ்செஸ்-அல்போர்னோஸ் 1956-இல் பெரு நூலொன்றால் பதிலடி கொடுத்தார். இஸ்லாம் வருவதற்கு வெகு முன்பே ஸ்பானிய இயல்பு உருவாகிவிட்டது என்பது அவர் வாதம். அவரும் குடியரசுக்காரர், அவரும் நாடு துறந்தவர். பிராங்கோவின் ஆட்சி தன் பெருமை பேசிக்கொண்டிருக்க, தோற்ற தரப்பின் இரு அறிஞர்கள் ஸ்பானியர் யார் என்று கடலுக்கு அப்பாலிருந்து சண்டையிட்டனர். என் பார்வையில் இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவே இல்லை. சாஞ்செஸ்-அல்போர்னோஸ் சட்டப் பட்டயங்களையும் குடியேற்றத்தையும் நிலவுடைமையையும் பேசினார். மற்றவர் எழுத்தாளர்களின் மனத்தை.

காஸ்த்ரோவின் பலவீனமும் இங்கேதான் பிறக்கிறது. ஒரு நூலில் அமைதியின்மை தெரிந்தால் ஆசிரியர் யூத வழியினர் என்று ஊகிப்பது, யூத வழியினர் என்றால் நூலில் அமைதியின்மை தேடுவது: இந்தச் சுழலைத்தான் இலக்கிய ஆய்வாளர் எவுஹேனியோ அசென்சியோ கடுமையாகச் சாடினார். விவசாயம், விலைவாசி, மக்கள்தொகை ஆகியவற்றுக்குக் காஸ்த்ரோவின் ஸ்பெயினில் இடமே இல்லை என்பதும் உண்மை. ஆனால் 1449-இல் தொலேதோ நகரம் மதம் மாறிய யூத வழியினரைப் பதவிகளிலிருந்து விலக்கியது ஊகமல்ல. பின்னர் மடங்களும் பேராலயங்களும் கல்லூரிகளும் அவ்வழி சென்றன. பரம்பரையைத் துருவும் சமூகத்தில் எழுதுவது என்னவாக இருந்திருக்கும் என்று முதலில் விடாப்பிடியாகக் கேட்டவர் காஸ்த்ரோ.

ஆகவே அவருடைய கூற்றுகளை ஒன்றுபோல எடை போட முடியாது. ‘செலஸ்தினா’வின் ஆசிரியர் பெர்னாந்தோ தெ ரோஹாஸின் யூத வழிக்குச் சமய விசாரணை மன்றத்தின் பதிவுகளே சான்று. அவிலா தெரேசாவின் பாட்டனார் 1485-இல் தொலேதோவில் அம்மன்றத்தின் முன் நின்றவர். அக்குடும்பத்தின் வழக்கு ஆவணங்கள் 1946-இல் அச்சேறின. இவ்விருவரைப் பற்றிக் காஸ்த்ரோவின் வாசிப்பு உறுதியான தரையில் நிற்கிறது. செர்வாந்தேஸுக்கு ஐயத்துக்கிடமற்ற ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. 1966-ஆம் ஆண்டு நூலைவிட, பரம்பரையைத் தேடாமல் வாக்கியங்களையே துருவிய 1925-ஆம் ஆண்டு நூலுக்கு நான் அதிக மதிப்புத் தருவது அதனால்தான்.