உப்பு, ஐஸ், மார்புக் கட்டி

இங்கே புனேயில் குல்ஃபிக்காரர் பானைக்குள் ஐஸையும் உப்பையும் கலந்து அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் ஐஸை விட உப்புப் போட்ட ஐஸ் அதிகம் குளிரும். ஏறக்குறைய இதே கலவையைத்தான் 1850 வாக்கில் ஜேம்ஸ் ஆர்னாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் மார்பகப் புற்றின் மேல் வைத்தார். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி. வலி அடங்கியது, ரத்தக்கசிவு குறைந்தது, கட்டியும் கொஞ்சம் சுருங்கியது. குணமானது என்று சொல்வதற்கில்லை. மனிதர் 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கே தன் கருவியை எடுத்துப் போய்விட்டார்!

பிறகு ஒரு பெரிய தாண்டல். 1961-ல் நியூயார்க்கில் மூளை அறுவை நிபுணர் இர்விங் கூப்பர், திரவ நைட்ரஜன் ஓடும் மெல்லிய குழாய்க் கருவியைக் கொண்டுவந்தார். மேலே வைத்த குளிரை இனி உள்ளேயே செலுத்தலாம்.

வேடிக்கை 1970-ல். புராஸ்டேட் புற்றை உறைய வைத்த சிலருக்கு, தொடாத வேறு இடங்களில் பரவியிருந்த கட்டிகளும் சுருங்கியதாக அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். காரணம் நோய் எதிர்ப்புச் சக்தியாக இருக்கலாம் என்பது அவர்கள் யூகம். சூட்டில் புரதம் வெந்துவிடும், முட்டை மாதிரி. குளிரில் செல் உடைந்தாலும் அதன் புரதங்கள் பெரும்பாலும் உருக்குலைவதில்லை. உடம்பின் காவல் செல்கள் அதைப் பொறுக்கி 'இவன்தான் திருடன்' என்று மற்றவர்களுக்கு அடையாளம் காட்டுகின்றன.

ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. ஏன்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சேபல் குழு எலிகளின் மார்புக் கட்டியில் சோதித்தது. 2010-ல் வந்த முடிவு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேகமாக உறைய வைத்தால் புற்றை எதிர்க்கும் டி செல்கள் பெருகின; நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. மெதுவாக உறைய வைத்தால் எதிர்ப்பை அடக்கும் செல்கள் பெருகி, பரவுவது கூடியது! அதே குளிர்தான், வேகம் மட்டும் வேறு.

பி.காம். படித்த வங்கிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? எங்கள் குடியிருப்பில் நம்மூர் அக்கா ஒருவருக்கு 46 வயதில் மார்பில் மூன்று செ.மீ. கட்டி. ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. "கத்தி வேண்டாம், உறைய வைத்தால் உடம்பே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்" என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்ப, வீட்டுக்காரர் "தேதியைத் தள்ளிப் போடலாமா சார்?" என்று வந்து நின்றார். "டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க" என்றேன்.

2016-ல் வெளியான நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வைத்தான் அவருக்குச் சொன்னேன். 19 பெண்கள். சிலருக்குக் கட்டியை உறைய வைத்தார்கள், சிலருக்கு இபிலிமுமாப் மருந்து, சிலருக்கு இரண்டும். இரண்டும் சேர்ந்தபோது எதிர்ப்புச் சக்தி விழித்த அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் 19 பேருக்கும் மார்பக அறுவை சிகிச்சை தாமதமின்றி நடந்தது. உறைய வைத்தது கத்திக்கு முன்னால், கத்திக்குப் பதிலாக அல்ல.

ஆபரேஷனே இல்லாமல் உறைய வைத்த அமெரிக்க ஆய்வும் உண்டு; ஐந்தாண்டு முடிவு 2024-ல் வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதில் சேர்த்தது 60 வயதோ அதற்கு மேலோ ஆன, கட்டி ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகாத, ஆபத்து குறைந்த வகைப் புற்று உள்ளவர்களை மட்டும்.