தத்தெடுக்க ஆள் வராத தெருநாய் என்ன ஆகும்? காப்பகக் கணக்கைப் படிப்பது எப்படி?

நாய்க் காப்பகங்களை வைத்து புள்ளியியல் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் அமெரிக்கக் கணக்கை அப்படியே எடுத்தால், நம்மூர் விடை தப்பாகிவிடும். ஏன்?

அமெரிக்காவில் எப்படி?

ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பின் 2019 மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 63 லட்சம் நாய், பூனைகள் காப்பகங்களுக்கு வந்தன. 41 லட்சம் தத்துப் போயின. 9.2 லட்சம் கருணைக்கொலை செய்யப்பட்டன. அதாவது நூற்றுக்குச் சுமார் 15.

இங்கே எப்படி?

2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தத்தெடுக்க ஆள் இல்லை என்பதற்காக ஒரு நாயைக் கொல்ல முடியாது. கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தீராத நோய், பிழைக்க முடியாத காயம் இருந்தால் மட்டுமே கருணைக்கொலை. அதையும் தகுதியுள்ள கால்நடை மருத்துவரே செய்ய வேண்டும்.

என்ன மாறியது?

பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையங்களில் பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்கும்படி 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மரக்காணத்தையே எடுத்துக்கொள்வோம். உப்பளத்து ஓரம் பிடித்த நாய் உப்பளத்துக்கே திரும்பும். பஸ் ஸ்டாண்டில் பிடித்தது காப்பகத்துக்குப் போகும்.

அப்போ எதையெல்லாம் எண்ண வேண்டும்?

* தத்துப் போனவை
* திரும்ப விடப்பட்டவை
* கருணைக்கொலை செய்யப்பட்டவை
* காப்பகத்திலேயே இறந்தவை
* இன்னும் உள்ளே இருப்பவை

கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், நெரிசலில் நோய் பரவி நாய்கள் சாகும் காப்பகம்கூட ‘கருணைக்கொலை பூஜ்ஜியம்’ என்று நல்ல பெயர் வாங்கிவிடும்.