பட்டைக்கு அடியில்

சேலத்துப் பக்கம் வளர்ந்தவன் நான். மரவள்ளியில் தேமல் விழுந்தால் வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். 1990களில் இமாச்சல மலையில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தபோது ஆப்பிள் மரங்கள் என்னைத் திணறவைத்தன. அங்கும் தேமல் வைரஸ் உண்டு. வசந்தத்தில் இலையில் வெளிர்மஞ்சள் திட்டுகள் விழும். மற்ற பல வைரஸ்களோ விற்பனை ரகங்களில் வெளியே தெரிவதே இல்லை. மரம் பூக்கும், காய்க்கும். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விளைச்சல் குறையும். அதற்குள் அதே மரத்தில் வெட்டிய ஒட்டுக்குச்சிகள் பத்துத் தோட்டங்களுக்குப் போயிருக்கும். இந்த வைரஸ்களைப் பரப்பப் பூச்சி தேவையில்லை, ஒட்டுக் கட்டும் கையே போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை இருந்தது. சந்தேகப்படும் மரத்தின் மொட்டை ஒரு வேர்ச்செடியில் கட்டுவார்கள். அதே செடியில் சற்று மேலே, நோயை மறைக்கத் தெரியாத வேறொரு ரகத்தின் மொட்டைக் கட்டுவார்கள். பிறகு இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ரகம் லார்ட் லம்போர்ன் என்றால் ரப்பர்க்கட்டை நோயில் கிளை விறைப்பிழந்து தொங்கும். ஸ்பை 227 இலை சுருண்டு நலியும். வர்ஜீனியா கிராபில் பட்டையை உரித்தால் கட்டையில் நீளவாட்டில் பள்ளங்கள் ஓடும். இந்த மரங்கள் யாரும் தின்னப் பழம் தருவதற்காக நடப்பட்டவை அல்ல. நோய் வாங்குவதற்காகவே வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஈஸ்ட் மாலிங் இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. 1913இல் தொடங்கிய அந்த ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஹாட்டன், பெயர் குழம்பிக் கிடந்த வேர்ச்செடிகளைப் பிரித்து எண் கொடுத்தார். எம்.9 அப்படி வந்ததுதான். ஒரே செடியைப் பதியன் போட்டு உலகமெங்கும் அனுப்பியபோது அதற்குள் ஒளிந்திருந்த வைரஸும் கூடவே போனது. பின்னாளில் செடிகளை 37 டிகிரி வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்து, புதிதாக ஓடிய நுனியை மட்டும் கிள்ளி ஒட்டி, வைரஸ் நீங்கிய செடிகளை எடுத்தார்கள். லாங் ஆஷ்டன் நிலையமும் சேர்ந்து செய்ததால் அவற்றுக்கு ‘எம்லா’ என்று பெயர்.

1977இல் அதே ஈஸ்ட் மாலிங்கில் கிளார்க், ஆடம்ஸ் இருவரும், மருத்துவச் சோதனைக்கு வந்திருந்த எலைசா முறையைச் செடி வைரஸுக்குப் பழக்கினார்கள். 96 குழி கொண்ட ஒரு தட்டு. குழியில் எதிர்ப்பொருள், அதன்மேல் இலைச்சாறு, பிறகு நொதி இணைத்த எதிர்ப்பொருள். வைரஸ் இருந்தால் மஞ்சள் ஏறும். மூன்று வருடக் காத்திருப்பு இரண்டே நாளானது. எங்கள் ஆய்வகத்தில் என் முதல் தட்டில் மஞ்சள் படர்வதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அந்த நம்பிக்கையில்தான் ஒரு தோட்டத்து மரத்தைச் சுத்தமானது என்று எழுதிக் கொடுத்தேன். நான் இலை பறித்தது ஜூன் கடைசியில். வெயில் ஏறினால் இலையில் வைரஸ் குறைந்துவிடும். மரம் முழுக்க அது சமமாகவும் பரவியிருக்காது. தளிரும் பூவிதழும் கிடைக்கும் வசந்தத்தில் நான் போயிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் அந்த மரத்தின் மொட்டை எனக்குச் சொல்லாமலே வர்ஜீனியா கிராபோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார். மூன்றாம் வருடம் என்னைக் கூப்பிட்டு, கத்தியால் பட்டையை ஒரு சாண் உரித்தார்.

“தொட்டுப் பாருங்கள், பாபுஜி.”

ஈரக் கட்டையில் கட்டைவிரலை வைத்து இழுத்தேன். நகம் பள்ளத்தில் இறங்கியது.