ஒரு பயிற்றுநரின் பதவி பறிபோன கதை



பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் அது பள்ளிக்கூடத்தின் காரியமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வேலை முடிந்து வந்த தாயும் தந்தையும் திடலோரம் வந்து நிற்கிறார்கள். பிள்ளை ஓடி வென்றால் குடும்பமே வென்றதாக மகிழ்கிறார்கள். ஆகவே அந்தப் பிள்ளைகளைப் பழக்கிய ஆசிரியர் ஒரு நாள் திடீரென்று நீக்கப்பட்டால், ஊர் சும்மா இருக்காது. "அவர் என்ன தவறு செய்தார்?" என்று ஒரு சாரார் கேட்பார்கள். "பள்ளி நிர்வாகத்துக்கு அந்த உரிமை இல்லையா?" என்று மற்றொரு சாரார் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஒரு வழக்கு அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு கூடைப்பந்துப் பயிற்றுநரின் பதவியைப் பற்றிய வழக்கு அது. ஆனால் அதன் உள்ளே இருந்த கேள்வி, உழைத்துப் பிழைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய கேள்வி. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம் உண்டு. அதன் பெரிய நகரங்களுள் ஒன்று பர்மிங்ஹாம். இரும்பும் நிலக்கரியும் வளர்த்த ஊர் அது. கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய ஊரும் அதுவே. 1963-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகளே தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்; நாய்களை ஏவினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் மாண்டனர். சமத்துவம் என்ற சொல்லுக்கு அவ்வூர் கொடுத்த விலை பெரிது.

அந்த நகரில் என்ஸ்லி என்பது எஃகு ஆலைத் தொழிலாளர்கள் குடியேறி வாழ்ந்த பகுதி. அங்கிருந்த என்ஸ்லி உயர்நிலைப் பள்ளிக்கு 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ரோடரிக் ஜாக்சன் என்ற உடற்கல்வி ஆசிரியர் மாற்றலாகி வந்தார். பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு அவரே பயிற்றுநர்.

வந்த சில காலத்திலேயே அவருக்கு ஒன்று தெரிந்தது. ஆண்கள் குழுவுக்கும் பெண்கள் குழுவுக்கும் ஒரே பள்ளியில் இரண்டு விதமான கவனிப்பு இருந்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆண்கள் புதிய விளையாட்டு மண்டபத்தில் பழகினார்கள். பெண்களுக்குக் கிடைத்ததோ குளிர்காலத்தில் சூடேற்றும் வசதியில்லாத பழைய மண்டபம். வெளியூர் ஆட்டத்துக்கு ஆண்கள் பஸ்ஸில் போனார்கள். பெண்கள் யாருடைய காரிலாவது இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பணமும் கருவிகளும் அதே கணக்குத்தான்.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் ஜாக்சன் தம் மேலதிகாரிகளிடம் இதைப் பற்றி முறையிட்டார். நிலைமை திருந்தவில்லை. அதற்குப் பதிலாக, அவர் வேலையைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகள் மோசமாக வரத் தொடங்கின. 2001-ஆம் ஆண்டு மே மாதம் அவர் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆசிரியர் வேலை அவருக்கு இருந்தது. ஆனால் பயிற்றுநருக்கு உரிய கூடுதல் சம்பளம் போயிற்று.

இங்கேதான் விவாதம் தொடங்குகிறது. ஒரு பயிற்றுநரை மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டா? பொதுவாக உண்டு. பயிற்றுநர் பொறுப்பு என்பது ஆசிரியர் வேலையோடு சேர்த்துத் தரப்படும் கூடுதல் பொறுப்பு. குழு நன்றாக ஆடவில்லை, வேறொருவர் பொருத்தமானவர் என்று நினைத்தால் நிர்வாகம் மாற்றலாம். அதை நாம் மறுக்க முடியாது. ஆனால் காரணம் அதுவல்ல, அவர் வாய் திறந்து முறையிட்டதுதான் காரணம் என்றால்? அப்பொழுதும் அது நிர்வாகத்தின் விருப்பம்தானா? இதுவே ஜாக்சன் கேட்ட கேள்வி.

அவர் தம் வழக்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட சட்டம் 1972-ஆம் ஆண்டில் வந்தது. கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி அது. அமெரிக்கர்கள் அதை 'டைட்டில் நைன்' என்று அழைக்கிறார்கள். அதன் முக்கிய வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்களே. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும், ஆண் என்றோ பெண் என்றோ பார்த்து ஒருவரை ஒதுக்கவோ வேறுபடுத்தவோ கூடாது என்பதே அதன் சாரம். விளையாட்டு என்ற சொல் அந்த வாசகத்தில் இல்லை. ஆயினும் பள்ளி விளையாட்டு கல்வியின் ஒரு பகுதி ஆகையால் அதற்கும் இச்சட்டம் பொருந்திற்று.

நேயர்களே, இந்தச் சட்டத்துக்குப் பாடுபட்டவர்களுள் ஒருவரைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் பாட்சி மிங்க். 1927-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில், பையா என்ற கரும்புத் தோட்ட ஊரில் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியும் ஜப்பானிலிருந்து தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். மருத்துவராக வேண்டும் என்பது பாட்சியின் சிறுவயதுக் கனவு. 1948-ஆம் ஆண்டில் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்றுகூட அவரை ஏற்கவில்லை. பிறகு சட்டம் படித்து 1951-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மணமான பெண், கைக்குழந்தைக்காரி என்று சொல்லி வழக்கறிஞர் நிறுவனங்கள் வேலை தர மறுத்தன. அவர் சோர்ந்து போகவில்லை. 1964-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று அமெரிக்கக் காங்கிரஸில் அமர்ந்தார். வெள்ளையர் அல்லாத பெண் ஒருவர் அங்கே சென்றது அதுவே முதல் முறை.

சட்டம் வந்தபின்னும் அதைப் பலவீனமாக்க முயற்சி நடந்தது. 1975-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்படி ஒரு திருத்தத்தின்மேல் ஓட்டெடுப்பு நெருங்கிய வேளையில், மகள் கார் விபத்தில் சிக்கினாள் என்ற செய்தி வந்தது. பெற்ற வயிறு பொறுக்குமா? பாட்சி மகளிடம் ஓடினார். அவர் தரப்பு ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. விவரம் அறிந்த அவைத்தலைவர் மறு ஓட்டெடுப்புக்கு வழி செய்தார். இம்முறை 215-க்கு 178 என்ற கணக்கில் அவர் தரப்பு வென்றது. 2002-ஆம் ஆண்டில் அவர் காலமானபின் அச்சட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். தோட்டத்து மண்ணில் பிறந்த ஒரு பெண்ணின் பெயரை ஒரு பெரிய நாட்டின் கல்விச் சட்டம் தாங்கி நிற்கிறது.

இந்தச் சட்டம் செய்த வேலையைக் கணக்கில் பாருங்கள். 1971-72 பள்ளி ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய ஆண் பிள்ளைகள் 36 லட்சத்துக்கு மேல். பெண் பிள்ளைகள் 3 லட்சம்கூட இல்லை. 2018-19-இல் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 34 லட்சம். ஆண் பிள்ளைகள் 45 லட்சம். இடைவெளி முற்றிலும் மறையவில்லை. ஆனாலும் எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்.

இனி வழக்குக்கு வருவோம். ஜாக்சன் பர்மிங்ஹாம் கல்வி வாரியத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். வாரியத்தின் வாதம் எளிது: "ஆண், பெண் என்று பேதம் பாராட்டுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. மேலும் பேதத்துக்கு ஆளானவர்கள் மாணவிகள். இவரோ ஆண் பயிற்றுநர். இவருக்கு என்ன வழக்கு?" கீழ் நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்று வழக்கைத் தள்ளியது. 2002-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

வேறொருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். ஜாக்சன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2005-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அவர் பக்கம்; நால்வர் எதிர்ப்பக்கம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1981-ஆம் ஆண்டில் அமர்ந்த முதல் பெண் நீதிபதி அவர். பேதத்தைப் பற்றி முறையிட்டார் என்பதற்காக ஒருவரைத் தண்டிப்பதும் அந்தப் பேதத்தின் இன்னொரு வடிவமே என்று அவர் தீர்ப்பில் விளக்கினார். முறையிடுபவரைத் தண்டிக்க இடம் கொடுத்தால் யாரும் முறையிட மாட்டார்கள். முறையீடே வராவிட்டால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும். அதிலும் பிள்ளைகளால் தங்கள் உரிமைக்காகத் தாங்களே பேசுவது அரிது. அருகிலிருந்து பார்க்கும் ஆசிரியரும் பயிற்றுநரும்தான் அவர்களுக்காகப் பேசக்கூடியவர்கள். அவர்கள் வாயை அடைத்தால் பிள்ளைகளுக்குக் குரலே இல்லை.

இந்தக் கருத்துக்கு 1969-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பும் துணை நின்றது. வர்ஜீனியா மாநிலத்தில் சல்லிவன் என்ற வெள்ளையர் தம் வீட்டை ஒரு கறுப்பின மனிதருக்கு வாடகைக்கு விட்டார். வீட்டோடு சேர்ந்து அப்பகுதியின் பூங்காவைப் பயன்படுத்தும் உரிமையும் உண்டு. பூங்காவை நடத்தியவர்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்க்க மறுத்தார்கள். சல்லிவன் ஆட்சேபித்தார்; அவரையே சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். தம் நிறத்துக்காக அவர் தண்டிக்கப்படவில்லை; அடுத்தவருக்காகப் பேசியதால் தண்டிக்கப்பட்டார். ஆயினும் அவர் வழக்காடலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

எதிர்த்த நால்வரின் சார்பில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். பழிவாங்குதலைத் தடுக்க வேண்டுமென்றால் காங்கிரஸ் அதைத் தெளிவாகச் சட்டத்தில் எழுத வேண்டும்; எழுதாததை நீதிமன்றம் சேர்த்துப் படிக்கக் கூடாது என்பது அவர் கருத்து. அரசுப் பணம் பெறும் பள்ளிகளுக்குத் தங்கள் கடமை என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா என்றும் கேட்டார். நான்கு நீதிபதிகள் ஏற்ற வாதம் இது. நாமும் எடுத்தெறிந்து பேசக் கூடாது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாரியம் ஜாக்சனைப் பழிவாங்கியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. அப்படிப் பழிவாங்கினார்கள் என்று வழக்காடவும் மெய்ப்பிக்கவும் அவருக்கு வாய்ப்பு உண்டு என்றே தீர்ப்பளித்தது. அடைத்த கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவே. பிறகு 2006-ஆம் ஆண்டில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. நகரத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் பகுதிச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதாக வாரியம் ஒப்புக்கொண்டது. என்ஸ்லி பள்ளி அதே ஆண்டில் மூடப்பட்டு வேறொரு பள்ளியோடு இணைக்கப்பட்டது. ஜாக்சன் மீண்டும் பயிற்றுநராக நின்றார். ஆனால் 2001-ஆம் ஆண்டில் பழைய மண்டபத்தில் பழகிய மாணவிகள் அதற்குள் பள்ளி வாழ்வை முடித்திருப்பார்கள். நீதி வரும்வரை பிள்ளைப் பருவம் காத்திருப்பதில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பெற்றோர்களே, அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழத் தெரியாத பிள்ளைக்காக இன்னொருவர் அழ வேண்டியிருக்கிறது. அப்படி அழுபவரை ஊர் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. "இவருக்கு ஏன் இந்த வேலை? பேசாமல் இருந்திருக்கலாமே" என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் அடுத்த முறை நம் பிள்ளைக்காகப் பேச யாரும் வர மாட்டார்கள்.

உங்கள் ஊரில் ஓர் ஆசிரியரோ பயிற்றுநரோ நீக்கப்பட்டால், அவசரப்பட்டு எப்பக்கமும் சேர வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் நீக்கப்படுவதற்கு முன்னால் என்ன நடந்தது? அவர் யாருக்காக, எதைப் பற்றிப் பேசினார்? அவர் சுட்டிக்காட்டிய குறை இன்னும் இருக்கிறதா? ஜாக்சன் வழக்கில் மாதங்களும் ஆண்டுகளும் முறையாகத் தெரிந்திருந்தன. டிசம்பரில் முறையீடு, மே மாதத்தில் நீக்கம்.  ஆகவே எந்த முறையீட்டையும் எழுத்தில் கொடுங்கள், தேதி போடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கோபமாகப் பேசிய பத்து வார்த்தைகளைவிடத் தேதியிட்ட ஒரு காகிதம் நெடுநாள் நிற்கும்.

இன்னொன்று. மகனுக்குக் காலணி வாங்கும்போது, ஓட விரும்பும் மகளுக்கும் ஒன்று வாங்குங்கள். பள்ளித் திடலில் அவளுக்கும் ஒரு பந்து இருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கேட்பதற்கு எந்த நீதிமன்றமும் வேண்டாம்.

வணக்கம்.