கிருபாசரண் மகாதேரர்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வேற்றூர் செல்வோர்க்கு முதற்கண் வேண்டுவன இரண்டு: தலை சாய்க்க ஓரிடம், தம்மவரோடு கூடி வழிபட ஓரிடம். கல்கத்தா மாநகரில் வங்காள பௌத்தர்களுக்கு இவ்விரண்டையும் அமைத்துத் தந்தவர் கிருபாசரண் மகாதேரர்.

இன்று வங்கதேசத்திலுள்ள சிட்டகாங் பகுதியில், உனைன்புரா என்னும் சிற்றூரில், 1865-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். வறிய குடும்பம், இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. பதினாறாம் வயதில் துறவு பூண்டு, 1886-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் சிட்டகாங் பௌத்தர் பலர் ஐரோப்பியர் இல்லங்களிலும் விடுதிகளிலும் சமையல் தொழில் செய்து இந்நகரில் வாழ்ந்தனர். அவர்களை ஒன்றுகூட்டி, 1892-இல் ‘பௌத்த தர்மாங்குர சபை’யை அவர் நிறுவினார். பௌ பஜார்ப் பகுதியில் 1903-இல் தர்மாங்குர விகாரை எழுந்தது. ‘ஜகஜ்ஜோதி’ என்னும் திங்களிதழ் 1908-இல் தோன்றியது. நூலகமும் ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளியும் தொடர்ந்தன. லக்னோ, சிம்லா, டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய ஊர்களிலும் சபையின் கிளைகள் கிளைத்தன.

தாம் பெறாத கல்வியைப் பிறர் பெற வேண்டும் என்பதே அவர்தம் தணியாத வேட்கை. கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் ஆசுதோஷ் முகர்ஜியின் நட்பைப் பாலிமொழிக் கல்வியின் வளர்ச்சிக்கே பயன்படுத்தினார். இவ்விருவரின் ஆதரவு பெற்ற சிட்டகாங் இளைஞர் வேணிமாதவ பருவா, 1917-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.லிட். பட்டம் பெற்றார். ஆசியருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

1926 ஏப்ரல் 30-ஆம் நாள் தேரர் மறைந்தார். சபையோ இன்றும் நிலைத்து நிற்கிறது.

அலுவல் முடிந்து திரும்பும் வழியில் ஒரு மாலை அவ்விகாரையினுட் சென்று அமர்ந்திருந்தேன். ஹௌராவில் நான் முதன்முதல் வந்திறங்கிய இரவு நினைவுக்கு வந்தது. முன்பின் அறியாத தமிழன்பர் ஒருவர் தம் சிற்றறையில் எனக்கும் ஒரு பாய் விரித்தார். அந்தப் பாய் இல்லையேல் மறுநாளே ஊர் திரும்பியிருப்பேன்.

அன்பர்களே! ஆண்டுதோறும் கூடுகிறோம், இசை கேட்டு, விருந்துண்டு மகிழ்கிறோம். தவறன்று. ஆயினும் இவ்வாண்டு புதிதாய் வந்திறங்கிய இளைஞர் எத்தனை பேர்க்கு நாம் பாய் விரித்தோம்? அடுத்த ஆண்டுவிழாவிற்குள் இவ்வினாவிற்கு விடை கூற வல்லோமாயின், அதுவே அத்துறவியாரின் வாழ்வை நாம் படித்ததன் பயனாகும்.