கிரே மார்க்கெட்

புதுப் பங்கு வெளியீட்டுச் செய்திகளில் அடிபடும் இச்சொல்லுக்கு இறக்குமதி வணிகத்தில் பொருள் வேறு. சரக்கு அசல்தான், கம்பெனியே செய்ததுதான். ஆனால் வேறொரு நாட்டுக்கென்று செய்ததை, கம்பெனியைக் கேட்காமல் மூன்றாம் ஆள் கொண்டுவந்து விற்கிறார். போலியும் அல்ல, முறையான வரவும் அல்ல. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நிற்பதால் சாம்பல்.

அமெரிக்காவில் இதற்குக் கண்கூடான உதாரணம், ஜப்பானில் ஓடித் தேய்ந்து வரும் சின்ன எக்ஸ்கவேட்டர்கள். பெயரும் பெயிண்டும் உள்ளூர் மாடல் போலவே இருக்கும். கிட்டப்போய்ப் பார்த்தால் எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். எஞ்சினில் அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டுச் சான்று ஒட்டியிருக்காது. சில பழைய வண்டிகளில் லீவர் வேலை செய்யும் முறையே மாறியிருக்கும். கை பழகிய ஆபரேட்டருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. உதிரிபாகம் கேட்டால் உள்ளூர் டீலரின் புத்தகத்தில் அந்த மாடலே இருக்காது. ஒரு சீலுக்காக நாள்கணக்கில் வண்டி நிற்கும்.

அசல் சரக்குதான் என்றால் அதன் இறக்குமதியைச் சட்டம் தடுப்பானேன் என்று கேட்கலாம். ஒரே வணிகச் சின்னத்தின் கீழ் பொருள் வேறாக இருந்தால் வாங்குபவர் ஏமாறுவார் என்பதே சட்டத்தின் வாதம். பயன்படுத்திய வண்டிக்கும் அது பொருந்தும் என்று 1999இல் குபோட்டா டிராக்டர் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.